பெட்டைக்குதிரை எந்த நாளில் யாருடையது?

வரிக் கணக்குக் காலத்தில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்காபரோவில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் பெட்டியோடு வருபவர்கள் அதிகம். அநேகமான பெட்டிகளைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன்: பெற்றோல் ரசீது, கைபேசிக் கட்டணம், வாகனத்துக்கு எண்ணெய் மாற்றிய பில். சில வருடங்களுக்கு முன்பு, கட்டட ஒப்பந்த வேலை செய்யும் ஓர் அண்ணை கொண்டுவந்த சப்பாத்துப் பெட்டியில் வேறு சாமான் இருந்தது. லாடம் அடித்த பில், உலர்புல் பில், மிருக வைத்தியர் பில், பயிற்சியாளரின் மாதக் கணக்கு.

"தம்பி, இதுகளையும் கழிச்சுவிடும். நாங்கள் நாலு பேர் சேந்து குதிரை ஒண்டு வாங்கினனாங்கள்."

நுவரெலியாவில் ஏப்ரல் மாதக் குதிரையோட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான் எங்களில் பலருக்குக் குதிரையோடு இருந்த உறவு. சொந்தக் குதிரை என்பது கனடா தந்த ஆசை. அதில் தப்பில்லை. ஆனால் அண்ணை அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "ஒன்ராறியோவில பிறந்த குதிரைக்கு அரசாங்கம் மேலதிகக் காசு குடுக்குது. வளத்தவைக்கும் குடுக்குது, வச்சிருக்கிறவைக்கும் குடுக்குது. மிச்சத்தை வரியில கழிக்கலாம். நட்டமே வராது எண்டுதான் வித்தவர் சொன்னவர்."

அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்திலும் பாதி உண்மை இருந்தது. அந்த மற்றப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அரசாங்கம் ஏன் காசு கொடுக்கிறது என்பது. வட அமெரிக்காவில் நல்ல பொலிகுதிரைகள், அதாவது இனவிருத்திக்கு விடும் ஆண்குதிரைகள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் குவிந்து கிடக்கின்றன. புல்லும் அங்கே நல்லது, குளிரும் குறைவு. சும்மா விட்டால் ஒன்ராறியோவின் பனியில் யாரும் குட்டி ஈன வைக்கமாட்டார்கள். குட்டி பிறக்காவிட்டால் பண்ணை இல்லை, உலர்புல் விற்கும் விவசாயி இல்லை, லாடக்காரர் இல்லை, கடைசியில் ஓட்டத்துக்குக் குதிரையே இல்லை. ஆகவே உள்ளூரில் பிறந்த குதிரைக்கு மேலதிகப் பணம் கொடுத்து ஊர்ப்புறத் தொழிலைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். நியூயோர்க் மாநிலம் இதற்கென்று 1973இல் ஒரு நிதியத்தை உருவாக்கியது. அங்கே பிறந்த ஃபன்னி சைட் என்ற குதிரை 2003இல் கென்டக்கி டெர்பி என்ற பெரிய ஓட்டத்தை வென்றபோது அந்த நிதியத்துக்குக் கிடைத்த விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வோபிஸ், பிரித்தானியாவில் 2020இல் தொடங்கிய கிரேட் பிரிட்டிஷ் போனஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். கென்டக்கிகூட, பொலிகுதிரைக் கட்டணத்தின் மேல் அறவிடும் 6% விற்பனை வரியை எடுத்துத் தன் வளர்ப்பாளருக்கே திருப்பிக் கொடுக்கிறது.

ஒன்ராறியோவில் வண்டி இழுத்து ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளுக்கு 1974 முதல் ஒன்ராறியோ சயர்ஸ் ஸ்டேக்ஸ் என்ற ஓட்டத் தொடர் இருக்கிறது. இங்கே பதிவான பொலிகுதிரையின் குட்டிகள் மட்டும் அதில் ஓடலாம். கோல்ட் என்று மேல்தட்டு, கிராஸ்ரூட்ஸ் என்று அடுத்த தட்டு. ரொறொன்ரோவின் வுட்பைன் திடலில் ஆளை முதுகில் ஏற்றி ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கும் உள்ளூர்க் குதிரைக்கான ஓட்டங்களும் மேலதிகத் தொகைகளும் வளர்ப்பாளர் கொடுப்பனவும் உண்டு.

இங்கேதான் அண்ணை முதல் தடவை இடறினார். அவரும் கூட்டாளிகளும் வாங்கியது ஒரு வயதுத் தரோபிரெட் பெட்டைக்குட்டி, ஏலத்தில். ஒன்ராறியோவில் பிறந்த குட்டிதான். அது வென்றால் "வளர்த்தவைக்கு" வரும் காசும் தங்களுக்கே என்று நினைத்திருந்தார்கள். தீன் போடுவது நாங்கள், வளர்ப்பது நாங்கள், அப்ப வளர்ப்பாளர் வேறு யார்? தமிழில் அந்தச் சொல் அப்படித்தான் கேட்கிறது.

குதிரைப் பதிவேட்டில் வளர்ப்பாளர் என்பது வேறு ஆள். தரோபிரெட் என்றால், குட்டி பிறந்த நாளில் தாய்க்குதிரை யாருடையதோ அவர்தான் வளர்ப்பாளர். ஸ்டாண்டர்ட்பிரெட் என்றால் கணக்கு இன்னும் பின்னால் போகிறது: பெட்டையைச் சினைப்படுத்திய நேரத்தில் அதன் சொந்தக்காரரோ குத்தகைக்காரரோ யாரோ, அவர். அதன் பின் குட்டி பத்துக் கை மாறினாலும் வளர்ப்பாளர் பெயர் மாறாது. அண்ணையின் குட்டி வென்றால் வளர்ப்பாளர் கொடுப்பனவு, அதை ஏலத்தில் விற்றுவிட்டு வீட்டுக்குப் போன மனிதருக்குத்தான் போகும். அவர் ஒரு பிடி தீன்கூட மேலதிகமாகப் போடத் தேவையில்லை.

இதைவிட நுணுக்கமான பொறி ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் பிறந்த குதிரை வேறு, ஒன்ராறியோப் பொலிகுதிரைக்குப் பிறந்த குதிரை வேறு. கென்டக்கியில் சினைப்பட்ட பெட்டையை இங்கே கொண்டுவந்து ஈன வைத்தால் முதல் வகை மட்டும்தான். எந்த ஓட்டத்துக்கு, எந்தத் தொகைக்கு எந்த வகை வேண்டும் என்பது அந்தந்த வருடக் கையேட்டில் இருக்கும். பெட்டை எவ்வளவு காலம் மாகாணத்துக்குள் நிற்க வேண்டும், எந்தத் திகதிக்குள் பதிய வேண்டும் என்பதும் அங்கேதான். விற்பவர் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கையேட்டைத் திறக்காமல் விட்டவர்கள்தான் பிறகு என்னிடம் வருகிறார்கள். தரோபிரெட் குதிரைக்குச் செயற்கைக் கருவூட்டல் பதிவேட்டில் செல்லாது. பெட்டை நேரில் போயே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட்பிரெட்டுக்கு விந்தைப் பெட்டியில் அனுப்பலாம். இந்த ஒரு வித்தியாசத்தால் போக்குவரத்துச் செலவிலிருந்து தங்கும் நாள் கணக்கு வரை எல்லாம் மாறும்.

ஒஷாவா பக்கம் வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் பலர் விண்ட்ஃபீல்ட்ஸ் என்ற பெயரைத் தினமும் பார்க்கிறார்கள். அது ஒரு குதிரைப் பண்ணையின் பெயர். நோதேர்ன் டான்ஸர் என்ற புகழ்பெற்ற குதிரை 1961இல் அங்கேதான் பிறந்தது. ஒரு வயதில் 25,000 டொலருக்கு விலை வைத்தும் யாரும் வாங்கவில்லை. குள்ளக் குட்டி. 1964இல் அதே குதிரை கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பிறகு வுட்பைனில் குயின்ஸ் பிளேட் என்ற மூன்று பெரிய ஓட்டங்களையும் வென்றது. இந்தக் கதையைச் சொல்லித்தான் பங்கு விற்கிறார்கள். அந்தக் குட்டியை விற்காமல் வைத்திருந்தவர் ஈ. பி. டெய்லர், அந்தக் காலக் கனடாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பதை மட்டும் கதையில் விட்டுவிடுவார்கள். அவரால் காத்திருக்க முடிந்தது.

இந்தத் தொழிலில் காத்திருப்பது என்றால் எவ்வளவு காலம்? 2011 வசந்தத்தில் ஒரு பெட்டையைச் சினைப்படுத்தினால் பதினொரு மாதம் கழித்து, 2012இல் குட்டி. 2013 இலையுதிர் காலத்தில் ஏலம். விற்காமல் வைத்திருந்தால் 2014இல்தான் முதல் ஓட்டம். முதல் பில்லுக்கும் முதல் பரிசுக்கும் இடையில் மூன்று வருடம். நான் சும்மா ஒரு உதாரணத்துக்கு 2011 என்று எழுதவில்லை.

1998 முதல் ஒன்ராறியோவின் குதிரையோட்டத் திடல்களில் ஸ்லாட் என்ற சூதாட்ட இயந்திரங்கள் இருந்தன. அந்த வருமானத்தில் 10% திடலுக்கு, இன்னொரு 10% குதிரைக்காரருக்குப் பரிசுத்தொகையாக. கடைசி வருடங்களில் இந்த ஏற்பாட்டால் தொழிலுக்குப் போனது வருடத்துக்குச் சுமார் 345 மில்லியன் டொலர். வளர்ப்பாளர்கள் அதை நம்பிப் பெட்டை வாங்கினார்கள், கொட்டகை கட்டினார்கள், கடன் எடுத்தார்கள். 2012 மார்ச்சில் மாகாண அரசு இதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2013 மார்ச் 31உடன் முடிந்தது.

அந்த அறிவிப்பு வந்த மாதத்தைக் கவனியுங்கள். 2011இல் சினைப்பட்ட பெட்டைகள் அப்போதுதான் ஈனத் தொடங்கியிருந்தன. போன வருடக் குட்டிகள் வயலில். அதற்கு முந்தின வருடக் குட்டிகள் பயிற்சியில். மூன்று வருடக் குட்டிகளுக்கான செலவு முடிந்துவிட்டது. அவை ஓட வேண்டிய பரிசுப் பணத்தின் மேல் கேள்விக்குறி. பெட்டையிடம் போய்ச் சினையைத் தள்ளிப்போடு என்று சொல்ல முடியுமா? பண்ணைகள் மூடப்பட்டன, குட்டிகளின் விலை விழுந்தது. ஸ்டாண்டர்ட்பிரெட் வளர்ப்பாளர்கள் நீதிமன்றம் வரை போய் வருடக்கணக்காக வழக்காடியும் வெல்லவில்லை. அரசு பிறகு இடைக்கால உதவி கொடுத்தது. 2019 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 105 மில்லியன் டொலர் வரை, 19 வருடம் வரை நீளக்கூடிய ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. முன்னையதைவிட இது உறுதியானது. ஆனாலும் அரசியல் முடிவால் வந்த காசு அரசியல் முடிவால் போகும் என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டோம். ஊக்கத்தொகையை வருமானக் கணக்கின் அடித்தளமாக வைத்து எழுதிய திட்டத்தை யாராவது காட்டினால், அந்த வரியை அழித்துவிட்டு மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். அநேகமாக அங்கேயே கதை முடிந்துவிடும்.

சரி, வரிக்கு வருவோம். "மிச்சத்தை வரியில கழிக்கலாம்" என்பதுதான் என்னைப் போன்றவர்களுக்கு நெஞ்சிடியைத் தரும் வசனம்.

கனடாவின் வருமான வரிச் சட்டத்தில் விவசாயம் என்ற சொல்லுக்குள் ஓட்டக் குதிரை பராமரிப்பதும் அடங்கும். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. டி2042 என்ற விவசாயப் படிவத்தில்தான் அது போகும். இது முதல் தடையைத் தாண்டியவர்களுக்கு: இலாபம் பார்க்கும் நோக்கத்தோடு, தொழில் போல நடத்துகிறீர்களா? சனிக்கிழமை குடும்பத்தோடு போய்க் குதிரைக்குக் கரட் கொடுத்துப் படம் எடுப்பது மட்டும்தான் நடக்கிறது என்றால் அது பொழுதுபோக்கு. ஒரு சதமும் கழிக்க முடியாது.

தொழில்தான் என்று நிரூபித்தாலும் அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உங்கள் முதன்மை வருமானம் வேறு தொழிலிலிருந்து வருகிறது என்றால், குதிரை நட்டத்தில் முதல் 2,500 டொலர் முழுதாக, அடுத்த 30,000இல் பாதி. மொத்தம் 17,500க்கு மேல் ஒரு வருடத்தில் கழிக்க முடியாது. 20,000 நட்டம் என்றால் 11,250 கழியும். 80,000 நட்டம் என்றாலும் 17,500தான். மிச்சத்தை 20 வருடம் வரை முன்னே கொண்டுபோகலாம், ஆனால் விவசாய வருமானத்துக்கு எதிராக மட்டும். குதிரையால் இலாபம் வராதவருக்கு அந்த மிச்சம் தாளிலேயே கிடக்கும்.

இந்தப் பிரிவின் வரலாறே குதிரைக்காரர்களால் எழுதப்பட்டது. மோல்டோவன் என்பவரின் பழைய வழக்கிலும் குதிரைதான். பிறகு கிரெய்க் என்ற வழக்கறிஞர், ஸ்டாண்டர்ட்பிரெட் வைத்திருந்தவர், 2000, 2001 இரண்டு வருடங்களிலும் இரண்டு லட்சம் டொலருக்கு மேல் நட்டம் காட்டி முழுதையும் கழித்தார். 2012இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. குதிரைக்காரர்கள் கொண்டாடி முடிப்பதற்குள் 2013 வரவுசெலவுத் திட்டத்தில் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வேறு தொழில் குதிரைக்கு அடுத்தபடியாக இருந்தால்தான் முழு நட்டத்தையும் கழிக்கலாம் என்று எழுதி, ஆறுதலுக்கு 8,750 ஆக இருந்த உச்சவரம்பை 17,500 ஆக்கினார்கள். இன்னும் கிரெய்க் வழக்கைக் காட்டிப் பங்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பை வாசித்தவர்கள், அடுத்த வருடம் நடந்ததை வாசிக்கவில்லை.

அப்புறம், தொழிலாக நடத்தும்போது பரிசுப் பணம் மட்டுமல்ல, ஊக்கத்தொகையும் வருமானம்தான். அரசாங்கம் தந்தது என்பதால் வரி இல்லை என்று நினைத்து எழுதாமல் விட்ட ஒருவருக்கு, கனடாவின் வரித் திணைக்களமான சிஆர்ஏயிலிருந்து கடிதம் வந்தது. வட்டியோடு கட்டினார்.

கூட்டாக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. அண்ணையின் நால்வர் கூட்டின் ஒப்பந்தத்தைக் கேட்டேன். தொலைபேசியை எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார். அதில் ஒருவர் "ஓகே" போட்டிருந்தார், இன்னொருவர் கைகூப்பும் படம். யார் பெயரில் பதிவு, தொகை யார் கணக்குக்கு வரும், ஒருவர் மாதக் காசை நிறுத்தினால் அவருடைய பங்கு என்ன ஆகும், விற்கும் முடிவு யாருடையது என்று எதுவும் இல்லை. வென்றால் பயிற்சியாளருக்கும் ஜொக்கிக்கும் பங்கு போக வேண்டும் என்பதும் இல்லை. சொந்தக்காரராகக் குதிரை ஓடவிட மாகாண ஆணையமான ஏஜிசிஓவின் உரிமம் வேண்டும் என்பது ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. சீட்டுப் பிடிப்பதற்குக்கூட நாங்கள் இதைவிட ஒழுங்காக எழுதி வைப்போம்.

அந்தப் பெட்டைக்குட்டி சில தடவை ஓடியது. ஒரு தடவை மூன்றாவதாக வந்தது. முழங்காலில் வீக்கம் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தினார்கள். மூன்று பேர் விலகிவிட்டார்கள். அண்ணை விலகவில்லை, அவர்களுடைய பங்கைச் சின்ன விலைக்கு வாங்கிக்கொண்டு அதைக் குட்டி ஈனும் பெட்டையாக வைத்துக்கொண்டார்.

போன வருடம் வந்தபோது சப்பாத்துப் பெட்டி இல்லை, கோப்பு ஒன்று இருந்தது. "தம்பி, இந்த முறை தாய் என்ர பேரில. குட்டி மார்ச்சில பிறக்கும். அப்ப வளர்ப்பாளர் நான்தானே?"

தரோபிரெட் என்றபடியால் ஓம் என்றேன். பொலிகுதிரை எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"கென்டக்கியில."

பெட்டை எப்போது இங்கே திரும்பி வந்தது, எந்தத் திகதியில் பதிந்தீர்கள் என்று கேட்டேன். அண்ணை கோப்பைப் புரட்டினார். பிறகு, அந்தத் தாள் வானுக்குள் கிடக்கிறது என்று எழும்பிப் போனார்.