ஒன்பது நிமிடத்தில் வன்னியைக் கடந்த அதிர்வு

போர்க்காலப் பங்கர் (பதுங்குகுழி) வாழ்க்கை எங்களுக்கு ஒரு படிப்பைத் தந்தது. செல் (எறிகணை) குத்தும் சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்குவோம். எத்தனை எண்ணுவதற்குள் விழும் என்பது பழக்கத்தில் தெரியும். அம்மம்மாவுக்குக் காது மந்தம். அவர் உள்ளங்கையை மண்சுவரில் வைத்தபடியே இருப்பார். தூரத்தில் பெரிய குண்டு விழுந்தால், "விழுந்திட்டுது மோனை" என்று அவர்தான் முதலில் சொல்வார். சுவரிலிருந்து பொடிமண் உதிரும். அதற்குப் பிறகுதான் எங்கள் காதுக்குச் சத்தம் வரும்.

அவர் கை பொய் சொல்லவில்லை. காற்றில் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். கெட்டிப் பாறையில் அதிர்வு விநாடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு குண்டு வெடித்தால், காற்றுவழி வரும் சத்தத்துக்கு ஒன்பது விநாடி வேண்டும். அடிப்பாறை வழி வரும் அதிர்வுக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். உலகில் எங்கே நிலத்தடியில் அணுகுண்டு சோதித்தாலும் அதைப் பிடிப்பது இதே வழியில்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர், தன் நாடு மறுபடி அணுவாயுதச் சோதனை தொடங்கும் என்று அறிவித்தார். மற்ற நாடுகள் நிலத்தடியில் இரகசியமாகச் சோதிக்கின்றன, நாம் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன நியாயம். சரி, அப்படி ஒளித்து வெடிக்க முடியுமா?

2009 மே 25 ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். போர் முடிந்து ஒரு வாரம். நாங்கள் இலங்கையின் வடக்கே வன்னியில், செட்டிகுளத்து முகாமில் இருந்தோம். காலை ஆறரை மணிக்கு தண்ணீர் பவுசர் வரும் இடத்தில் குடத்தோடு வரிசையில் நின்றேன். அன்று இலங்கை நேரம் 6.24க்கு வடகொரியா புங்யே-ரி மலைக்கடியில் தன் இரண்டாவது அணுகுண்டை வெடித்தது. அங்கிருந்து வன்னி ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். பூமியின் உட்பகுதியூடாக வளைந்து வரும் முதல் அதிர்வு இவ்வளவு தூரத்தைக் கடக்க ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். ஆக, 6.34 அளவில் அந்த வெடிப்பு எங்கள் கால்களுக்கடியால் போயிருக்கிறது. இதைப் பல வருடம் கழித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

அந்த வரிசையே அதிர்வைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். பின்னால் ஒருவர் தள்ளினால் அவர் முன்னால் நிற்பவரில் முட்டுவார், இவர் அடுத்தவரில் முட்டுவார். ஒருவரும் இடம் மாறுவதில்லை, தள்ளல் மட்டும் முன்னால் போய்ச் சேரும். இதுதான் பி அலை, முதலில் வருவது. துலாக் கயிற்றைப் பக்கவாட்டில் உதறினால் ஒரு நெளிவு ஓடுமே, அது எஸ் அலை. பின்னால் மெதுவாக வரும்.

குண்டு வெடிக்கும்போது எல்லாத் திசையிலும் ஒரேயடியாக வெளியே தள்ளுகிறது. அதனால் பி அலை வலுவாக இருக்கும், எஸ் அலை மெலிவு. உலகின் எந்த மூலையில் கருவி வைத்தாலும் முதல் அசைவு மேல்நோக்கியே வரும். நிலநடுக்கம் அப்படியில்லை. அங்கே இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன. ஒரு பக்கத்துக்குத் தள்ளல் போனால் மறுபக்கத்துக்கு இழுவை போகும், உதறல் பெரிதாக இருக்கும். தவிர, நிலநடுக்கங்களில் பல ஆழத்திலிருந்து வருபவை. அவ்வளவு ஆழத்துக்கு யாராலும் துளை போட முடியாது.

செட்டிகுளத்தின் அடியில் அன்று நிலம் அசைந்தது சில நானோமீட்டர், அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருந்திருக்கும். பனையில் காற்றடித்தாலே அதைவிடக் கூட அதிரும். ஆகவே பல கருவிகளைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் பரப்பி வைத்து, பதிவுகளை நேரம் சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்று கூட்டுகிறார்கள். காற்றின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். வெடிப்பின் அதிர்வு மட்டும் எழுந்து நிற்கும்.

அதிர்வு கையெழுத்து என்றால் வாயு கைரேகை. அணுப்பிளவில் செனான் வாயு உண்டாகிறது. அது எதனோடும் எளிதில் சேராது, பாறை வெடிப்புகளூடாகக் கசிந்து வெளியே வந்துவிடும். 2006 இல் வடகொரியாவின் முதல் சோதனை ஒரு கிலோதொன்னுக்கும் (ஆயிரம் தொன் வெடிமருந்துக்கும்) குறைவு, கிட்டத்தட்டப் பிசகிப்போன வெடிப்பு. இரண்டு வாரம் கழித்து அதன் செனான் கனடாவின் யெலோநைஃப் நிலையத்தில் பிடிபட்டது.

1963 இல் வானிலும் கடலிலும் சோதனைகளைத் தடைசெய்தபோது நிலத்தடியை விட்டுவைத்தார்கள். அங்கே நடப்பதைக் கண்டுபிடிக்க முடியாது, நேரில் போய்ப் பார்க்க எத்தனை தடவை அனுமதிப்பது என்ற இழுபறிதான் காரணம். அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் நிலத்தடியில் வெடிக்கப்பட்டன. இன்று அந்தச் சாக்கு செல்லாது. 1996 ஆம் ஆண்டின் முழுமையான அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக வியன்னாவிலிருந்து நடத்தப்படும் வலையமைப்பில் 300க்கும் மேற்பட்ட நிலையங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 500 தொன் வெடிமருந்துக்குச் சமமான வெடிப்பையே அது பிடித்துவிடும். ஹிரோஷிமாவில் போட்டது 15,000 தொன்.

அதைவிடச் சிறிய வெடிப்பு தப்பலாம், உண்மைதான். அதற்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால்தான் அப்படிப் போகலாம். இலங்கை 2023 இல் அதை ஏற்று உறுதிப்படுத்திவிட்டது. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா, பாகிஸ்தான், வடகொரியா, இஸ்ரேல், ஈரான், எகிப்து என்ற ஒன்பது நாடுகள் தடுத்து வைத்திருக்கின்றன. இரகசியச் சோதனை என்று குற்றம் சாட்டுகிறவர்களே அதைப் பார்க்கும் கதவையும் சாத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

செலவையும் பாருங்கள். அணுவாயுத நாடுகள் 2023 இல் அந்த ஆயுதங்களுக்காக மட்டும் 9,000 கோடி டொலருக்கு மேல் செலவழித்ததாக அணுவாயுத ஒழிப்புக்கான சர்வதேச இயக்கம் கணக்கிட்டது. ஒரு நாளைக்கு 25 கோடி. வியன்னா அமைப்பின் முழு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 13 கோடி டொலர், அவர்களுக்கு அரை நாள் செலவு. சோதனை மறுபடி தொடங்கினால் புது வடிவக் குண்டு வரும், அதைச் சுமக்கப் புது ஏவுகணை வரும், எதிராளியும் அதையே செய்வான். ஆயுதம் வாங்க ஒருநாளும் காசு முட்டுப்படுவதில்லை. போர் முன்னரங்காக இருந்த முகமாலையிலோ கண்ணிவெடி அகற்றும் பெண்கள் முழந்தாளில் இருந்து சாண் சாணாக நிலத்தைக் கீறிப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கேட்கும் கருவிகள் குண்டை மட்டும் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் பிளந்தபோது அதன் முதல் அதிர்வு நான்கு நிமிடத்துக்குள் முல்லைத்தீவின் அடியால் போய்விட்டது. கடல் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் கரையில் சனம் இருந்தது. சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கு அந்தப் பதிவுகளை உடனுக்குடன் கொடுக்கும் ஏற்பாடு 2006 இல்தான் வந்தது.