சைரன் மட்டும் அடிச்சா போதுமா?

ஃபயர் ஆடிட்டுக்கு, அதாவது கட்டிடத்தோட தீ பாதுகாப்ப சோதிக்க, போற எடத்துல தீயணைப்பு சிலிண்டர் தேதிய பாக்குறதுக்கு முன்னாடியே நான் செக்யூரிட்டிகிட்ட கேக்குறது ஒண்ணு தான், ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபயர் அலாரம் பேனல்ல (எங்க தீன்னு காட்டுற பெட்டி) அலாரம் வந்தா என்ன பண்ணுவீங்க? "ஆஃப் பண்ணிருவேன் சார்"னு தான் நெறைய எடத்துல பதில் வருது. அவரையும் குத்தம் சொல்ல முடியாது, தூசி, பூச்சி, சமையல் புகைன்னு எதுக்கெடுத்தாலும் சும்மா சும்மா அடிக்கிற அலாரத்த யாரு தான் மதிப்பா.

1997ல டெல்லி உபஹார் தியேட்டர்ல 59 பேர் செத்தாங்க. தீ புடிச்சது கீழ பார்க்கிங்ல இருந்த டிரான்ஸ்ஃபார்மர்ல, செத்தவங்க மேல பால்கனில உக்காந்து படம் பாத்துட்டு இருந்தவங்க, புகை ஏறி வர்ற வரைக்கும் அவங்களுக்கு ஒரு அறிவிப்பு கூட இல்ல, போதாக்குறைக்கு எக்ஸ்ட்ரா சீட்டு போட்டு ஒரு பக்க வழியையே அடைச்சு வச்சிருந்தாங்க. 2011ல கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரியிலயும் கிட்டத்தட்ட இதே கதை தான். கார் நிறுத்த வேண்டிய பேஸ்மென்ட்ட குடோன் ஆக்கி, அங்க புடிச்ச தீயோட புகை வார்டுக்குள்ள போய் 90 பேருக்கு மேல செத்துட்டாங்க. ஃபயர் சர்வீஸுக்கு தகவல் போனதே ரொம்ப லேட்டு, உதவிக்கு ஓடி வந்த பக்கத்து பசங்கள வாட்ச்மேன் திருப்பி அனுப்பிட்டாங்க.

லண்டன் கிரென்ஃபெல் டவர்ங்கற அடுக்குமாடி குடியிருப்புல (2017, செத்தவங்க 72 பேர்) தகவல் போச்சு, ஆனா தப்பான தகவல். "வீட்டுக்குள்ளயே இருங்க"ன்னு ஃபயர் சர்வீஸ்ல சொல்லிட்டே இருந்தாங்க, ராத்திரி ஒரு மணி ஆகுறதுக்கு கொஞ்சம் முன்னாடி புடிச்ச தீ வெளிச்சுவர்ல மேல வரைக்கும் ஏறினப்புறமும் அத மாத்தல, 2.47க்கு தான் மாத்துனாங்க. அதுக்கப்புறம் இங்கிலாந்துல விதியையே திருத்தி, 18 மீட்டருக்கு மேல புதுசா கட்டுற குடியிருப்புல எல்லாரையும் வெளியேறச் சொல்லி ஃபயர் சர்வீஸே சிக்னல் குடுக்குற சிஸ்டம் கட்டாயம்னு கொண்டு வந்தாங்க.

நம்ம ஊர்ல என்ன நிலைமைன்னா, தேசிய கட்டிட விதித்தொகுப்பு 2016ல நல்ல விஷயம் நெறைய இருக்கு, ஆனா அது பரிந்துரை தான், மாநிலம் தன் விதியில சேத்தா தான் செல்லும். அதுல 15 மீட்டர்லயே உயரமான கட்டிடம்னு கணக்கு, தமிழ்நாட்டு 2019 விதியில 18.30 மீட்டர தாண்டினா தான். உயரமான கட்டிடத்துக்கான கடுமையான விதி பொருந்தாம இந்த நடுவுல மாட்டுற அஞ்சாறு மாடி கட்டிடம் தான் நம்ம தெருவுல அதிகம், பில்டரும் கரெக்டா அந்த அளவுக்குள்ள நிறுத்திக்குவார் (அவர் வேற என்ன பண்ணுவார், விதி அப்படி). என்னைக் கேட்டா உயரத்த மட்டும் வச்சு முடிவு பண்றதே சரியில்ல, உள்ள எத்தன பேரு தூங்குறாங்கன்னு பாக்கணும், லாட்ஜு, ஹாஸ்டல், நர்சிங் ஹோம் எல்லாத்துக்கும் சைரனோட பேசுற அறிவிப்பும் கட்டாயம் ஆக்கணும். அதுவும் தமிழ்லயும் இந்தியிலயும். இப்ப பல எடத்துல ரெக்கார்டிங் இங்கிலீஷ்ல, செக்யூரிட்டிக்கு இந்தி, மூணாவது மாடி பாட்டிக்கு தமிழ் மட்டும்.

விதி மாறுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பேனல் பக்கத்துல 101, 112 ரெண்டையும், கட்டிட விலாசத்தையும் லேண்ட்மார்க்கையும் செக்யூரிட்டி படிக்கிற எழுத்துல ஒட்டுங்க, பதட்டத்துல விலாசம் சொல்ல வராது. யாரையும் கேக்காம அவரே ஃபோன் பண்ணலாம்னு அசோசியேஷன் எழுதிக் குடுக்கணும், செக்ரட்டரி ஃபோன் எடுக்கட்டும்னு நின்னா அதுலயே பத்து நிமிஷம் போயிடும். டிரில் வைக்கிறதும் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கு வைங்க, ஏசி ஓடுற பெட்ரூமுக்குள்ள கதவ சாத்திட்டு நின்னு சத்தம் கேக்குதான்னு பாருங்க.