கிராமத்துக் கைத்தொழிலுக்குக் குழும மானியம்: யாருக்கு, எவ்வளவு, எங்கே தொடங்குவது?

பித்தளை விளக்கு வார்க்கும் சிறு பட்டறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். பித்தளையைச் சில்லறை விலைக்கு, அதுவும் கடனுக்கு வாங்க வேண்டும். வார்த்த விளக்கைக் கடைசல் பிடிக்க, இயந்திரம் வைத்திருப்பவரிடம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முடித்த விளக்கைப் பித்தளை கடன் கொடுத்த அதே வியாபாரியிடம், அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கான உலோகத்தோடு திரும்ப வேண்டும். கை நேர்த்தியில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. தனியாக நிற்பதுதான் குறை. பாய் முடைபவருக்கும் பானை வனைபவருக்கும் கயிறு திரிப்பவருக்கும் பொருள் மாறுமே தவிர, கணக்கு இதுதான்.

அருகருகே ஒரே தொழிலைச் செய்பவர்களை ஓர் அமைப்பாகச் சேர்த்து, மூலப்பொருளையும் இயந்திரத்தையும் விற்பனையையும் பொதுவில் வைப்பதற்கு அரசு பணம் தருகிறது. இந்தச் சேர்க்கையைத்தான் குழுமம் அல்லது கிளஸ்டர் என்கிறார்கள். ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் இதற்கு முக்கியமாக இரண்டு திட்டங்களை நடத்தி வருகிறது. பாரம்பரியத் தொழில்களுக்கு ஸ்ஃபூர்த்தி திட்டம். அதைவிடப் பெரிய அளவில் எண்ணுகிற சிறு தொழிற்கூடங்களுக்குக் குழும மேம்பாட்டுத் திட்டம். இரண்டையும் குழப்பிக்கொண்டு அலைந்து, கடைசியில் ஒன்றுக்கும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. இந்த இரண்டிலும் தனி ஆளுக்குக் கடனோ மானியமோ கிடையாது. உங்கள் சொந்தப் பட்டறைக்கு ஓர் இயந்திரம் வேண்டுமென்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரையிலான உற்பத்தித் தொழிலுக்கு, விண்ணப்பிப்பவரின் பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 விழுக்காடு வரை மானியம் உண்டு. தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. குழும மானியம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. அது அமைப்புக்கு வருகிற பணம். அதில் வாங்கும் இயந்திரம் எவருடைய வீட்டுக்கும் போகாது. பொது வசதி மையத்தில்தான் நிற்கும்.

ஸ்ஃபூர்த்தி 2005-ஆம் ஆண்டு தொடங்கியது. காதி, கிராமத் தொழில், கயிறு என மூன்று துறைகளையும் மனத்தில் வைத்துப் பிறந்த திட்டம் இது. இன்று மூங்கில், தேன், மண்பாண்டம், பாய், பனைப்பொருள், கைவினை என அதன் எல்லை அகலமானது. கைவினைஞர்கள் 500 பேர் வரை உள்ள குழுமத்துக்கு அதிகபட்சம் 2.5 கோடி ரூபாய். 500 பேருக்கு மேல் என்றால் 5 கோடி ரூபாய் வரை.

இந்தத் தொகை இரண்டு வழியில் செலவாகிறது. பயிற்சி, வடிவமைப்பு, பிற குழுமங்களை நேரில் பார்த்துவருதல், சந்தைத் தொடர்பு, உறுப்பினர்களிடையே நம்பிக்கையை வளர்த்தல் போன்றவற்றுக்கு 25 லட்சம் ரூபாய் வரை முழுச் செலவையும் அரசு ஏற்கும். பொது வசதி மையம், மூலப்பொருள் வங்கி, கருவிகள், கிடங்கு போன்றவற்றுக்கு 90 விழுக்காட்டை அரசு தரும். மீதி 10 விழுக்காட்டைத் திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பு போட வேண்டும். வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு அரசின் பங்கு 95 விழுக்காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 பேர் கொண்ட குழுமத்துக்குக் கட்டடமும் இயந்திரங்களும் சேர்த்து 1.5 கோடி ரூபாய் ஆகிறது. அரசு 1.35 கோடி தரும். குழுமம் போட வேண்டியது 15 லட்சம், அதாவது தலைக்கு 5,000 ரூபாய். எட்ட முடியாத தொகை அல்ல. ஆனால் ஒரே ஆள் 15 லட்சத்தையும் தானே போட்டுவிடுகிறேன் என்று முன்வந்தால் அங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். காகிதத்தில் மையம் 300 பேருடையதாக இருக்கும். சாவி ஒருவர் இடுப்பில் இருக்கும். தவணை வைத்தாவது ஒவ்வொருவரும் தன் பங்கைத் தானே கட்டுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூலப்பொருள் வங்கியின் பயனும் அப்போதுதான் கிடைக்கும். முன்பு சொன்ன பித்தளையை அமைப்பே மொத்த விலைக்கு வாங்கி உறுப்பினருக்குத் தரும்போது, வியாபாரியிடம் பட்ட கடனோடு, அவருக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் அறுந்துபோகும்.

காதி கிராமத் தொழில் ஆணையம், கயிறு வாரியம் போன்றவை இத்திட்டத்தின் ஒருங்கிணைப்பு முகமைகள். தென்னை நார் தொழில் என்றால் கயிறு வாரியத்தை அணுகுவது இயல்பு. தொண்டு நிறுவனம், அரசு சார்ந்த அமைப்பு, ஊராட்சி அமைப்புகள் ஆகியவை செயல்படுத்தும் முகமையாகலாம். முன்மொழிவு முதலில் கொள்கை அளவில் ஒப்புதல் பெறும்; பிறகு விரிவான திட்ட அறிக்கை; அதை ஆராய்ந்து அமைச்சகக் குழு இறுதி ஒப்புதல் தரும். கைபிடித்து நடத்த ஒரு தொழில்நுட்ப முகமை நியமிக்கப்படும். குழுமத்தின் அன்றாட வேலைக்கு ஒரு நிர்வாகியும் உண்டு. இந்த நிர்வாகி உள்ளூர்த் தொழிலை அறிந்தவராக இருக்கிறாரா என்று பாருங்கள். பாதி வெற்றி அவர் கையில்.

இனி இரண்டாவதான குழும மேம்பாட்டுத் திட்டம். இதில் பொது வசதி மையத்தின் திட்டச் செலவு பெரியது. 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி 5 கோடி முதல் 10 கோடி ரூபாய் வரையிலான திட்டத்துக்கு 70 விழுக்காடும், 10 கோடி முதல் 30 கோடி வரை 60 விழுக்காடும் ஒன்றிய அரசின் மானியம். மலை மாநிலங்கள், வடகிழக்கு, தீவுகள், வளர்ச்சியில் பின்தங்கியவை என்று ஒன்றிய அரசு பட்டியலிட்ட 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' ஆகியவற்றுக்கு இது 80, 70 விழுக்காடாக உயரும். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இரண்டு மாவட்டங்கள்: விருதுநகரும் இராமநாதபுரமும். சாத்தூரின் தீப்பெட்டித் தொழிலும் சிவகாசியின் அச்சுத் தொழிலும் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 8 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கே தொடங்கினால் 6.4 கோடி மானியம். அதே திட்டத்துக்குப் பட்டியலில் இல்லாத பக்கத்து மாவட்டத்தில் 5.6 கோடி. எந்த ஊரில் மையம் அமைகிறது என்பதே 80 லட்சம் ரூபாய் வேறுபாட்டைத் தருகிறது. இதை அறியாமல் இடம் பார்ப்பவர்கள் இழப்பது பெரிது.

மானியம் போக மீதியைக் குழும நிறுவனமும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளலாம். குழும நிறுவனம் என்பது உறுப்பினர்கள் சேர்ந்து பதிவு செய்கிற தனி அமைப்பு. சிறப்பு நோக்கு நிறுவனம் என்று கோப்புகளில் எழுதுவார்கள். பொதுவாகக் குறைந்தது 20 தொழிற்கூடங்கள் அதில் இருக்க வேண்டும். எந்த ஓர் உறுப்பினரின் பங்கும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பின்னால் வருகிற புதியவர்களைச் சேர்க்கவும் விதிகளில் இடம் இருக்க வேண்டும். சாவி ஒருவர் இடுப்புக்குப் போகாமல் தடுப்பதற்கான விதிகள் இவை. அதனால் இவற்றைத் தொல்லையாக எண்ண வேண்டாம்.

எந்த வடிவில் பதிவு செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, பெரும்பாலான கைவினைக் குழுக்களுக்கு, உற்பத்தியாளர் நிறுவனம். உழவர்களுக்கு மட்டுமே உரியது அது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; சரியல்ல. கைத்தறி, கைவினை, பிற குடிசைத் தொழில் செய்பவர்களையும் நிறுவனச் சட்டம் அதில் சேர்த்திருக்கிறது. பத்துப் பேர் இருந்தால் தொடங்கலாம். தனியாட்கள் உறுப்பினராக இருக்கும்போது, எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.

தொழிலைக் குறு, சிறு, நடுத்தர நிறுவனமாக அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவை உறுப்பினர் ஒவ்வொருவரும் வைத்திருப்பது நல்லது. ஆதார் எண்ணோடு இணையத்தில் செய்யும் பதிவு இது, கட்டணம் இல்லை. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் கொடுக்க வேண்டாம். ஜிஎஸ்டி எண் இல்லாத மிகச் சிறிய பட்டறைகளுக்கென்று 2023 ஜனவரியில் உத்யம் உதவித் தளம் தொடங்கப்பட்டது; வங்கி போன்ற நிதி நிறுவனங்கள் வழியாக அதில் பதியலாம். 2025 ஏப்ரல் 1 முதல், இயந்திர முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்பனை 10 கோடிக்கும் மிகாதவை எல்லாம் குறு நிறுவனங்கள். கிராமத்துப் பட்டறை அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

நிலத்தைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். நிலத்தின் விலைக்கு மானியத்தை நம்ப முடியாது. அமைப்பின் பெயரில் கிரயமாகவோ நீண்டகாலக் குத்தகையாகவோ நிலம் முன்பே கையில் இருக்க வேண்டும். ஒருவர் தன் நிலத்தை வாய்ச்சொல்லாக நேர்ந்துவிட்டு, பிறகு அவர் பிள்ளைகள் மறுத்தால் எல்லாம் நின்றுபோகும். அன்றாட நடைமுறை மூலதனமும் அப்படித்தான். மையம் கட்டி முடிந்த பின் மூலப்பொருள் வாங்கப் பணமில்லாமல், மின் கட்டணம் கட்ட வழியில்லாமல் இயந்திரங்கள் தூசி படியக் கூடாது. ஒரு மணி நேரம் இயந்திரம் ஓட்ட உறுப்பினருக்கு என்ன கட்டணம், வெளியாருக்கு என்ன கட்டணம், அதில் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவது எவ்வளவு என்ற கணக்கைத் திட்ட அறிக்கை எழுதும் முன்பே உறுப்பினர்கள் கூடி முடிவு செய்யட்டும். அறிக்கை எழுதித் தருபவருக்கு உங்கள் ஊரின் வேலை நாட்கள் தெரியாது. மழைக்காலத்தில் பானை காயாது என்பதும், கோரை எந்த மாதம் அறுவடையாகும் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

அமைப்பாகச் சேர்ந்ததன் பலன் விற்பனையில்தான் முழுமையாகத் தெரியும். ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது கொள்கை. அதற்குள் 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. ஆயிரம் பாய் கேட்டால் தனி ஒருவரால் கொடுக்க முடியாது. நூறு பேர் சேர்ந்தால் முடியும்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பணம் வந்து சேரும் நாள். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூடும் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களின் பொருளை விற்கிற நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், அறக்கட்டளை ஆகியவற்றையும் இச்சட்டம் 'வழங்குநர்' என்றே ஏற்கிறது. ஆகவே உறுப்பினர்களின் பொருளை விற்கும் உங்கள் அமைப்பும் பணம் வராதபோது மாநில வசதிப்படுத்தும் மன்றத்தில் முறையிடலாம். நாளைக்குத் தொழில் வேண்டுமே என்று தனியொருவர் கேட்கத் தயங்கும் பணத்தை அமைப்பு தயங்காமல் கேட்கும். அதற்காகவே ஒவ்வொரு விற்பனைச் சீட்டிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். பொருளைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். 15-ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் 31 வரை; மேலே சொன்ன திட்டத் தொகைகள் அந்தக் காலத்து வழிகாட்டுதல்களின்படி அமைந்தவை. அதனால் அங்கே போனதும், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள வழிகாட்டுதலின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். போகும்போது மூன்று தாள்கள் கையில் இருக்கட்டும்: தொழில் செய்பவர்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவரும் மாதம் வாங்கும் மூலப்பொருளின் அளவும் விலையும், பங்குத் தொகை தர ஒப்புக்கொண்டவர்களின் கையெழுத்து.