மேசைமேல் இரண்டு அஞ்சறைப்பெட்டிகள்

பீன்யா தொழிற்பேட்டையிலிருந்து வந்தவர் கட்டைப்பையைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் அஞ்சறைப்பெட்டிகளை வக்கீலான என் மேசைமேல் வைத்தார். இரண்டிலும் தாமரை இதழ் விரிந்த மாதிரி மூடி, நடுவில் கரண்டி படுக்க ஒரு பள்ளம். "இதுல எது என்னுது, சொல்லுங்க சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தபோது ஒன்றில் பிசிறு தட்டியது. அதுதான் நகல். சிக்பேட்டையில் இவருடையதைவிட 40 ரூபாய் குறைத்து விற்கிறார்களாம்.

சொந்த ஊர் சேலம், பெங்களூரில் இருபது வருடமாக மோல்டிங் தொழில். இந்தப் பெட்டியின் அச்சுக்கு மட்டும் லட்சக்கணக்கில் போட்டிருக்கிறார். பதிவு செய்திருக்கிறீர்களா என்றதும் "எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்று ஃபைலை நீட்டினார். சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி, கம்பெனி பெயருக்கு ட்ரேட்மார்க். பெட்டியின் வடிவத்துக்கான டிசைன் பதிவு மட்டும் இல்லவே இல்லை. என்னிடம் வரும் பத்து ஃபைலில் ஏழெட்டு இப்படித்தான் இருக்கும்.

"சரி, இப்போ பண்ணிடலாமே?"

"முதல்முதலா இதை வெளியில எப்போ காட்டினீங்க?"

போனை எடுத்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். அதற்கும் முன்னால் துமகூரு சாலைக் கண்காட்சியில் ஸ்டால். ரிப்பன் வெட்டுகிற படம்கூட இருந்தது.

அதைப் பார்த்ததுமே பாதி கேஸ் போய்விட்டது. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் அந்த வடிவம் இந்தியாவிலோ வெளிநாட்டிலோ எங்கும் வெளிவந்திருக்கக் கூடாது. வெளியிட்டவர் அதை உருவாக்கியவரே என்றாலும் விலக்கு இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு ஒரு வருடச் சலுகை உண்டு, நம் சட்டத்தில் அப்படி இல்லை. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி என்றால் முன்கூட்டியே டிசைன் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஸ்டால் போடுகிற பரபரப்பில் அந்தத் தகவலை யார் கொடுக்கிறார்கள்?

மறைத்துப் பதிவு செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சான்றிதழ் கிடைத்துவிடவும் கூடும். ஆனால் கோர்ட்டில் எதிராளி உங்கள் ரீல்ஸையே தேதியோடு எடுத்துக் காட்டுவார். பதிவும் ரத்தாகும், வக்கீல் ஃபீஸும் வீண். "நான் வரைஞ்ச படம் சார், காப்பிரைட் இருக்குமே?" என்றார் இவர். பதிவு செய்திருக்கக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால் அதன் காப்பிரைட்டும் போய்விடும். பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அது. இவருடைய மெஷின் ஒரு ஷிஃப்டில் தள்ளுவதே ஐந்நூறு.

இத்தனைக்கும் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் 1,000 ரூபாய்தான். எல்லாப் பக்கமும் தெரிகிற படங்களோடு, எது புதுசு என்று இரண்டு வரி எழுதி ஆன்லைனில் போடலாம். பரிசீலனை நடப்பது கொல்கத்தாவில். கிடைத்தால் 10 வருடம், அப்புறம் 5 வருட நீட்டிப்பு. நகலடித்தவரிடம் நேரடியாகக் கோரும் தொகைக்கு ஒரு டிசைனுக்கு மொத்தமே 50,000 ரூபாய்தான் உச்சவரம்பு, அச்சு செலவுக்கே காணாது. அதனால் நாங்கள் தடையுத்தரவும் உண்மையான நஷ்டஈடும் கேட்டுத்தான் வழக்குப் போடுவோம். இன்னொன்று, அச்சு வெட்டுபவரிடம் காட்டாமல் அச்சு செய்ய முடியாது. ரகசியமாக வைப்பதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டினால் அது வெளியீடு ஆகாது.

பேக்கிங் கதையே வேறு. அல்சூரில் முறுக்கும் தட்டையும் போடுகிற அக்கா ஒருவர் வந்தார். மஞ்சள் கவர், சுற்றிலும் சிவப்புக் கோலக் கரை, ஒன்பது வருடமாக அதே கவர். பக்கத்துத் தெருவில் அதே மஞ்சள், அதே கரையோடு வேறு பெயரில் ஒன்று முளைத்திருந்தது. டிசைனில் பழசு என்பது குற்றம், இங்கே பழசுதான் பலம். 1999ஆம் ஆண்டு ட்ரேட்மார்க் சட்டம் பொருளின் வடிவம், பேக்கிங், நிறச் சேர்க்கை மூன்றையும் அடையாளமாக ஏற்கிறது. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் எத்தனை தலைமுறைக்கும் வைத்திருக்கலாம். பதிவே இல்லாவிட்டாலும் பாஸிங் ஆஃப், அதாவது தன் சரக்கை இன்னொருவருடையது போலக் காட்டி விற்கிறார் என்கிற வழக்கு உண்டு. அதற்குப் பழைய பில், பிரஸ் ரசீது, ஆரம்ப காலக் கவர் எல்லாம் வேண்டும். அக்கா மாவு டப்பாவுக்குள் ஒரு பழைய கவரை மடித்து வைத்திருந்தார். கோலத்தை வரைந்த பிரஸ் தம்பியிடம் மட்டும் உரிமையை எழுத்தில் வாங்கவில்லை. வெளியாள் வரைந்த படம், எழுதித் தரும்வரை பெரும்பாலும் அவனுடையதுதான். அதை முதலில் சரிசெய்தோம்.

"பேரு வேற, படமும் கொஞ்சம் வேற" என்றுதான் எதிர்த்தரப்பு எப்போதும் சொல்லும். நாலு மாற்றம் செய்தால் போதும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ! பார்லே பிஸ்கட் உறையைப் போலவே உறை போட்டதாக வழக்கு வந்தபோது மைசூர் நிறுவனம் ஒன்றும் அதைத்தான் சொன்னது. ஒன்றில் பெண் கையில் தண்ணீர் வாளி, இன்னொன்றில் தலையில் புல்கட்டு. இரண்டிலும் மாடு, கோழி, வீடு. 1972இல் உச்ச நீதிமன்றம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணக் கூடாது, மொத்தத் தோற்றம்தான் முக்கியம் என்று பார்லே பக்கம் தீர்ப்பளித்தது. கடையில் நிற்பவர் முன்னால் ஒன்றுதானே இருக்கும், மற்றது ஞாபகத்தில்தான்.

அஞ்சறைப்பெட்டிக்காரருக்கும் பாஸிங் ஆஃப் போடலாமா என்று யோசித்தேன். எட்டு மாத விற்பனையில் அந்த மூடியைப் பார்த்ததும் இவர் பெயர் யாருக்கும் ஞாபகம் வராது. வழக்கு வேண்டாம் என்றேன். முகம் வாடித்தான் போனார்.

நாலு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். இந்த முறை செய்தித்தாளில் சுற்றிய உப்பு ஜாடி ஒன்று, அச்சு வெட்டுபவரின் கையெழுத்தோடு ஒரு தாள். "மச்சானுக்குக்கூட இன்னும் காட்டலை சார்" என்றார். அன்று மத்தியானமே ஜாடியைத் திருப்பித் திருப்பி வைத்துப் படம் எடுத்தோம்.