மாக்னிட்யூட்: தமிழில் பொலிவெண்

ஒரு விண்மீன் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் எண்தான் மாக்னிட்யூட். 'பெரிய' என்று பொருள்படும் 'மாக்னஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கர்கள் 'மெகெதோஸ்' என்றார்கள், அதுவும் பருமன்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி தம் பட்டியலில் விண்மீன்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். பளிச்சென்று தெரிபவை முதல் வகுப்பு, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருப்பவை ஆறாம் வகுப்பு. எண் குறைந்தால் ஒளி கூடுதல் என்ற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான்.

இதைக் கணக்காக்கியவர் ஆங்கில வானியலாளர் நார்மன் போக்சன். ஐந்து படி வேறுபாடு என்றால் ஒளியில் 100 மடங்கு, அதாவது ஒரு படிக்கு ஏறத்தாழ 2.512 மடங்கு என்று 1856இல் முன்மொழிந்தார். 1861இல் அவர் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அங்கே அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதை 1867இல் கண்டறிந்தார். நம் ஊர் வானியலில் பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி இது.

இப்படி ஒளி மாறும் மாறொளிர் விண்மீன்களைக் கவனிக்கும் ஆர்வலர்களுக்கு மாக்னிட்யூட் அன்றாடச் சொல். அவற்றைத் தொடர்ந்து பார்த்து எழுதிவைக்கும்படி 1844இலேயே ஜெர்மன் வானியலாளர் ஆர்கெலாண்டர் அவர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1911இல் அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. செய்முறை எளிது. வழக்கத்தைவிட மங்கியிருக்கும் திருவாதிரையை எடுத்துக்கொள்வோம். ஒப்பிட, அதைவிடச் சற்று ஒளி கூடிய விண்மீன் ஒன்றும் குறைந்த விண்மீன் ஒன்றும் வேண்டும். ரோகிணி 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை இரண்டுக்கும் நடுவே தெரிந்தால் 1.2 அல்லது 1.3 என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளலாம். ஆனால் அது சிவந்த விண்மீன். உற்றுப் பார்க்கப் பார்க்க ஒளி கூடியதுபோலத் தோன்றும். அதனால் சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். வழக்கமாக 0.5ஐ ஒட்டி இருக்கும் திருவாதிரை 2020 பிப்ரவரியில் 1.6 வரை மங்கியபோது, வெறுங்கண்ணாலேயே அதைப் பின்தொடர்ந்தவர்கள் பலர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பருமன்' என்றால் விண்மீனின் உடலளவு என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 'எண்மதிப்பு' திசையன் கணக்குக்குச் சரி, இங்கே ஒளி என்ற பொருளே அதில் இல்லை. 'பொலிவெண்' இரண்டையும் தருகிறது: பொலிவு, அதற்கான எண். தெரியும் ஒளிக்குத் 'தோற்றப் பொலிவெண்', 32.6 ஒளியாண்டு தொலைவில் வைத்துப் பார்த்தால் வரும் மதிப்புக்குத் 'தனிப் பொலிவெண்'.