தையல் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்

தலையில் ரத்தம் வழிய ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். "அரிவாளால வெட்டிட்டாங்க டாக்டர்" என்கிறார்கள் உடன் வந்தவர்கள். துடைத்துப் பார்த்தால் நேர்கோடாக ஒரு பிளவு, பார்வைக்கு வெட்டுக்காயம்தான். ஆனால் லென்ஸை வைத்து ஓரங்களை விலக்கினால், சில நேரம் உள்ளே மெல்லிய இழைகள் இரு பக்கத்தையும் இணைத்தபடி நிற்கும். ஓரம் கன்றி, முடிவேர்கள் நசுங்கியிருக்கும். அப்படியானால் அது கட்டையோ கல்லோ பட்டுக் கிழிந்த காயம். தலையில் தோலை ஒட்டியே எலும்பு இருப்பதால், மழுங்கிய பொருள் பட்டாலும் தோல் நேராகப் பிளந்துவிடும். கூரான ஆயுதம் என்றால் அந்த இழைகளும் அறுபட்டிருக்கும்.

தையல் போட்டபின் இதைப் பார்க்க முடியாது. காபித்தூளையோ மஞ்சளையோ அப்பிக்கொண்டு வந்தாலும் சிரமம்தான். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி வாருங்கள், போதும்.

சிராய்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் உரசிய தோல் எந்த முனையில் சுருண்டு சேர்ந்திருக்கிறதோ, அந்தத் திசையில்தான் உரசல் போயிருக்கிறது. விபத்து வழக்குகளில் இது மிகவும் உதவும்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஊமைக்காயம்தான். பிரம்பால் அடித்தால் பெரும்பாலும் இரண்டு சிவந்த கோடுகள் இணையாக விழும், நடுவில் தோல் வெளுத்திருக்கும். அடி பட்ட இடத்து ரத்தம் இரு பக்கமும் ஒதுங்க, ஓரத்து நுண்குழாய்கள் கிழிவதால் அப்படி. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லும் பெண்ணின் முதுகில் இந்த இரட்டைக் கோடு இருந்தால், அது விழுந்ததால் வந்ததல்ல. முன்கையின் வெளிப்புறத்தில் கன்றியிருந்தால், அடியைத் தடுக்கக் கையை உயர்த்தினாரா என்று கேட்டே ஆக வேண்டும். அம்மா, உங்கள் கணவரோ மாமியாரோ பக்கத்தில் நின்றால், தனியாகப் பேச வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள். தயங்கவே வேண்டாம்.

ஆழமான ஊமைக்காயம் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். நெற்றியில் பட்ட அடி கண்ணிமையில் கறுத்து இறங்கும். நிறத்தைப் பார்த்து இத்தனை நாள் ஆனது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. நன்றாக மஞ்சள் பூத்திருந்தால் அது சற்றுமுன் பட்ட அடியல்ல என்று மட்டும் சொல்லலாம்.

காயம் பெரிதாக இருந்தால்தான் வழக்கு வலுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீளமான மேலோட்டமான வெட்டு சாதாரணக் காயமாகலாம். ஒரு பல் உடைந்தாலே அது கொடுங்காயம், அதாவது சட்டத்தின் பார்வையில் கடுமையான காயம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் இதில் சேர்க்கிறது. 15 நாள் கடும் வலியில் கிடந்தாலும், அத்தனை நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலும் கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் அது 20 நாள்.

போலீஸ் தரும் மெமோ கடிதம் இல்லை என்று அவசர சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது. 1989லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுத, யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்கும்போது நடந்ததை அப்படியே சொல்லுங்கள், வலிக்கிற இடத்தையெல்லாம் காட்டுங்கள். மறுநாள் புதிதாகக் கன்றல் தெரிந்தால் திரும்ப வந்து, தேதியும் நேரமும் போட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள்.