பெட்டியோடு இரண்டு உபரி கார்டும் கொடுங்கள்

வெளிநாட்டுக் கிராமப் பள்ளிகளுக்கு உதவ நினைக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டேப்லெட் வாங்கலாம்?" என்பதுதான். "பழுதானால் அங்கே யார் பார்ப்பார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்ட இடம் மேற்குக் கென்யாவில் ஒரு தொடக்கப் பள்ளி.

அங்கே இணையம் கிடையாது. மின்சாரம் வரும், போகும். எங்கள் தன்னார்வக் குழு வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. 2012-இல் 35 டாலர் விலையில் வெளிவந்த போர்டின் வழித்தோன்றல். அதில் இணையமில்லாமலே பாடங்களைக் காட்டும் கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளை ஏற்றி, கான் அகாடமியின் கணிதப் பாடங்களையும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கின் சுவாகிலிக் கதைகளையும் போட்டோம். இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவும் உண்டு. இந்தக் கணினிப் பெட்டியே வைஃபை பரப்பும். பழைய டேப்லெட்டோ லேப்டாப்போ, பிரௌசர் இருந்தால் போதும். டேட்டா செலவு இல்லை, உரிமக் கட்டணம் இல்லை.

நாங்கள் ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுபோனது. திடீரென்று மின்சாரம் போனதில் பெட்டியின் மென்பொருளும் பாடங்களும் இருந்த மெமரி கார்டில் கோப்புகள் சிதைந்துவிட்டன. இந்தக் கருவிகளில் அடிக்கடி வரும் கோளாறுதான்; புதுக் கார்டில் நகலெடுத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அங்கே உபரிக் கார்டும் இல்லை, நகலெடுக்கத் தெரிந்தவரும் இல்லை. நான்கு மாதம் பெட்டி அலமாரியில் கிடந்தது. பிள்ளைகள் இழந்த அந்த நான்கு மாதத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு.

பெரிய அளவிலும் இப்படி நடந்திருக்கிறது. பெரு நாட்டில் அரசே லட்சக்கணக்கில் மலிவு லேப்டாப்களை வழங்கியது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் தேர்ச்சி கூடியதாகத் தெரியவில்லை என்றது அது. கருவி வந்தது, அதை வகுப்பில் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் போதிய துணை கிடைக்கவில்லை.

அடுத்த முறை போனபோது பெற்றோர் குழுவோடு முதலில் உட்கார்ந்தோம். சந்தையில் செல்போன் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரை அவர்களே அழைத்து வந்தார்கள். கைவேலை தெரிந்தவரை அங்கே ஃபுண்டி என்பார்கள். கார்டை நகலெடுப்பது, மென்பொருளை நிறுவுவது எல்லாவற்றையும் அவர்தான் செய்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மூன்று முறை தப்பாகப் போனது, நான்காவது முறை வந்துவிட்டது. மின்சாரம் போனாலும் பெட்டி அணையாமலிருக்க ஒரு சிறு பேட்டரி, ஆசிரியரின் மேசை இழுப்பறையில் இரண்டு உபரிக் கார்டுகள். பாடங்களையும் ஆசிரியர்களே தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் ஆசையாகக் கொண்டுபோன கோடிங் பாடங்களை ஒதுக்கிவிட்டு, நான்காம் வகுப்புக்குப் பின்னங்கள் வேண்டும் என்றார்கள்.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று மட்டுமே பலரும் நினைக்கிறோம். யாரிடமும் அனுமதி கேட்காமல் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த ஃபுண்டி சில மாதங்களில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கும் ஒரு பெட்டி அமைத்துக் கொடுத்திருந்தார். போனில் அவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

அப்புறம் நாங்கள் போட்ட பட்ஜெட்டில் இரண்டு டேப்லெட்டுகளைக் குறைத்து, அந்தப் பணத்தை அவருடைய ஓராண்டுப் பராமரிப்புக் கூலிக்கு ஒதுக்கினோம்.